ஊர் கூடி வைத்த சங்கம்

(நூலக வாரத்தை ஒட்டித் தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊரில் எத்தனை சங்கங்கள் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பால் சங்கம் இருக்கும். மகளிர் சுயஉதவிக் குழு இருக்கும். இளைஞர் மன்றம் இருக்கும். கோயில் விழாக் குழு இருக்கும். இன்னும் சில ஊர்களில் நெசவாளர் சங்கம், மீனவர் சங்கம் எல்லாம் இருக்கும்.

இந்தச் சங்கங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். அது என்ன? நாற்காலியா? பெயர்ப் பலகையா? இல்லை. ஒரு நோட்டு. யார் யார் உறுப்பினர், யார் எவ்வளவு சந்தா கொடுத்தார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதி வைக்கிற நோட்டு.

அந்த நோட்டை உங்களில் எத்தனை பேர் வாங்கிப் படித்துப் பார்த்திருக்கிறீர்கள்? இப்போது பதில் சொல்ல வேண்டாம். கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதையின் முடிவில் அதற்குத் திரும்பி வருவோம்.

இன்று நான் வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்துக் கதை சொல்லப் போகிறேன். ராஜாக்கள் கதை இல்லை. போர்க் கதையும் இல்லை. சின்னச் சின்ன ஊர்களில் சாதாரண மக்கள் கூடிச் சங்கம் வைத்த கதை.

கால்வாயும் ரயிலும்

இந்தக் கதை ஆந்திரக் கரையோர ஊர்களில் நடந்தது. ராஜமுந்திரி, பெஜவாடா, மச்சிலிப்பட்டினம், சீராலா என்று ஊர்ப் பெயர்கள் வரும். பெஜவாடா என்பது இன்றைய விஜயவாடா. அந்தக் காலத்தில் இந்த ஊர்களும் நம் தமிழ்நாட்டு ஊர்களும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. 1953-இல்தான் ஆந்திரா தனி மாநிலம் ஆனது. அதனால் இது பக்கத்து வீட்டுக் கதை இல்லை. ஒரே வீட்டுக் கதை.

கோதாவரி ஆற்றின் குறுக்கே தவளேசுவரத்தில் 1852-இல் அணை கட்டி முடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பெஜவாடாவில் கிருஷ்ணா ஆற்றுக்கும் அணை வந்தது. கால்வாய்கள் ஓடின. புன்செய் நிலம் நன்செய் ஆனது. நெல் விளைந்தது. கால்வாயில் தண்ணீர் மட்டுமா போனது? படகும் போனது. நெல்லும் ஆளும் படகில் போனார்கள்.

பிறகு ரயில் வந்தது. 1893-இல் கிருஷ்ணா ஆற்றுக்கு ரயில் பாலம் போட்டார்கள். 1900-இல் கோதாவரிக்கும் பாலம் வந்தது. ரயில் நின்ற இடமெல்லாம் கடைத்தெரு வளர்ந்தது. தாலுகா கச்சேரி, கோர்ட்டு, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ் எல்லாம் வந்தன. கிராமமாக இருந்த இடம் சிறு நகரம் ஆனது.

இந்த ஊர்களில் புதிய வகை மனிதர்கள் சேர்ந்தார்கள். வாத்தியார், வக்கீல், குமாஸ்தா, வியாபாரி, அச்சகக்காரர். இவர்கள் வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். கிராமத்தில் என்றால் சொந்தமும் சாதியும் கூட்டி வைக்கும். இங்கே இவர்களைக் கூட்டி வைத்தது எது? ஒரு வேலை. ஒரு நோக்கம். “நம் ஊருக்கு ஒரு பள்ளி வேண்டும்”, “ஒரு வாசகசாலை வேண்டும்” என்ற எண்ணம். அப்படிப் பிறந்தவைதான் சங்கங்கள்.

ஏழு பேர் போதும்

1860-இல் அரசு ஒரு சட்டம் போட்டது. சங்கங்கள் பதிவுச் சட்டம் என்று பெயர். இலக்கியம், அறிவியல், தரும காரியம் போன்றவற்றுக்காகச் சங்கம் வைப்போருக்கான சட்டம் அது.

அதில் என்ன சொல்லியிருந்தது? ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயர் என்ன, நோக்கம் என்ன, நிர்வாகிகள் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். சங்கம் கலைந்து போனால் அதன் சொத்தை உறுப்பினர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. வேறொரு சங்கத்துக்குத்தான் அது போக வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. சங்கம் பதிவாளரிடம் கொடுத்த காகிதங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய்.

நல்ல விதிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். காகிதத்தைப் பார்க்கலாம். படிக்கத் தெரிய வேண்டுமே! 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு ஆண்களில் சுமார் 10 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கிடையாது. ஆக, சட்டம் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. எழுத்து பலருக்கு அதை மூடிவிட்டது.

தண்ணீர் கொண்டு வந்த அம்மாள்

ராஜமுந்திரியில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் பெயர் கந்துகூரி வீரேசலிங்கம். 1848-இல் பிறந்தவர். அவருடைய மனைவி ராஜ்யலட்சுமி அம்மாள்.

அந்தக் காலத்தில் சின்னப் பெண் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை இறந்து போனால் அந்தக் குழந்தை விதவை. வாழ்நாள் முழுவதும் விதவை. தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். விதவை மறுமணம் செல்லும் என்று 1856-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதைச் செய்து வைக்க ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

வீரேசலிங்கம் சில நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார். விதவைகளுக்கு மறுமணம் செய்து வைப்பதற்கான சங்கம். காக்கிநாடாவைச் சேர்ந்த பைடா ராமகிருஷ்ணையா என்ற வணிகர் பணம் கொடுத்து உதவினார். 1881 டிசம்பர் 11-ஆம் நாள் ராஜமுந்திரியில் முதல் மறுமணம் நடந்தது.

ஊர் சும்மா இருக்குமா? சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். புரோகிதர் வர மாட்டார். சமையல்காரர் வர மாட்டார். தண்ணீர் கொண்டு வருபவரும் நின்றுவிட்டார். ராஜ்யலட்சுமி அம்மாள் தாமே கோதாவரிக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். தாமே சமைத்தார். திக்கற்று வந்த விதவைப் பெண்களைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

சங்கத்தின் நோட்டில் அந்த அம்மாளின் உழைப்பை யாராவது வரவு வைத்திருப்பார்களா? பணம் கொடுத்தவர் பெயர் நோட்டில் ஏறும். தண்ணீர் சுமந்தவர் பெயர் ஏறாது. சங்கங்களின் கதையைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

வீரேசலிங்கம் 1890-இல் ராஜமுந்திரியில் ஒரு பொது மண்டபம் கட்டினார். ஊர் மக்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். 1906-இல் ‘ஹிதகாரிணி சமாஜம்’ என்ற சங்கத்தை ஏற்படுத்தினார். ஹிதகாரிணி என்றால் நன்மை செய்வது என்று பொருள். தம் சொத்தையெல்லாம் அதற்கே எழுதி வைத்தார்.

ஏன் சங்கத்துக்கு எழுதி வைத்தார்? ஒரு மனிதர் இறந்தால் அவர் செய்த வேலையும் நின்று போகும். சங்கம் இருந்தால் வேலை தொடரும். அவர் 1919-இல் காலமானார். அவர் வைத்த சங்கம் அவருக்குப் பிறகும் நடந்தது.

படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர்

இப்போது பெஜவாடாவுக்குப் போவோம். அங்கே 1911-இல் ராம்மோகன் நூலகம் தொடங்கியது. அதற்காக உழைத்தவர்களில் ஐயங்கி வெங்கட ரமணையா என்ற இளைஞர் முக்கியமானவர். அவர் ஒரு யோசனை செய்தார். ஒவ்வோர் ஊரிலும் சின்னச் சின்ன வாசகசாலைகள் இருக்கின்றன. தனித் தனியாக இருந்தால் அவை வாடிப்போகும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய சங்கம் வைத்தால் என்ன?

1914 ஏப்ரல் 10-ஆம் நாள் பல ஊர் நூலகங்களின் பிரதிநிதிகள் பெஜவாடாவில் கூடினார்கள். ஆந்திர நூலகச் சங்கம் பிறந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் எழுத்தாளர் சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம். அவருக்குக் கண் பார்வை கிடையாது. பிறர் படிக்கக் கேட்டும், தாம் சொல்லப் பிறர் எழுதியும் அவர் இலக்கியம் படைத்தார். படிப்பதன் அருமை அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்து வாசகசாலை எப்படி இருக்கும்? பெரிய கட்டடம் என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் அது ஒரு வீட்டுத் திண்ணை. இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்த ஓர் அறை. ஓர் அலமாரி. ஒரு விளக்கு. ஒரு செய்தித்தாள். உறுப்பினர்கள் மாதச் சந்தா கொடுப்பார்கள். அதில் விளக்குக்கு எண்ணெய், பத்திரிகைக்குப் பணம், அறைக்கு வாடகை.

செய்தித்தாள் ஒன்றுதான். ஆனால் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதன் பிறகு பேச்சு நடக்கும். சென்னையில் என்ன நடந்தது, வங்காளத்தில் என்ன நடந்தது, வரி ஏன் ஏறியது என்று விவாதம் நடக்கும். எழுத்துத் தெரியாத உழவரும் நெசவாளரும் இப்படித்தான் உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

நூலகச் சங்கத்தார் அதோடு நிற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கல்வி வேண்டும் என்றார்கள். இராப் பள்ளிகள் தேவை என்றார்கள். ‘நூலக யாத்திரை’ போனார்கள். கோயில் குளத்துக்கு யாத்திரை போவது போல, ஊர் ஊராக நூலகங்களுக்கு யாத்திரை. போகிற இடமெல்லாம் கூட்டம் போட்டு, படிப்பதன் பயனைச் சொன்னார்கள்.

1935-இல் குண்டூர் மாவட்டத்தில் இன்னும் ஒரு புதுமை. பாதூரி நாகபூஷணம் என்பவரும் அவருடைய நண்பர்களும் கால்வாயில் படகு நூலகம் விட்டார்கள். கால்வாய்ப் படகு மெதுவாகப் போகும். பயணிகளுக்கு நேரம் நிறைய இருக்கும். அந்த நேரத்தில் புத்தகம் படிக்கட்டுமே என்று ஏற்பாடு செய்தார்கள். நெல் ஏற்றிப் போன கால்வாயில் புத்தகமும் போனது!

நம் பக்கத்திலும் இப்படி நடந்தது. 1931-இல் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. ஆற்றுக் கால்வாய் உள்ள இடத்தில் படகு. மண் ரோடு உள்ள இடத்தில் வண்டி. வழி எதுவோ அதில் புத்தகம்.

அதே காலத்தில் பரோடா சமஸ்தானத்தில் மன்னரே பணம் போட்டு ஊர் ஊராக நூலகம் வளர்த்தார். ஆந்திர ஊர்களில் அப்படி ஒரு மன்னர் இல்லை. மக்களின் சந்தாதான் மூலதனம். அதனால் கஷ்டமும் அதிகம். சொந்தம் என்ற உணர்வும் அதிகம்.

நெசவாளர் ஊரான வேட்டபாலத்தில் 1918-இல் இளைஞர்கள் ஒரு சங்கம் வைத்து நூலகம் தொடங்கினார்கள். பின்னாளில் அது ‘சாரஸ்வத நிகேதனம்’ என்று பெயர் பெற்றது. 1929-இல் காந்தியடிகள் அங்கே வந்தார். பழைய செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்த நூலகம் அது. நூற்றாண்டு கடந்தும் அதன் பெயர் நிற்கிறது. பல ஊர்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி வந்திருக்கிறார்கள்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இதுவரை நல்லதையே சொன்னேன். இனி கெட்டதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

சங்கம் “எல்லோருக்கும்” என்று பலகையில் எழுதியிருக்கும். ஆனால் சங்கம் இருந்த இடம் பெரும்பாலும் மேல்சாதியார் தெரு. பல இடங்களில் அந்தத் தெருவில் நடக்கவே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அனுமதி இல்லை. அப்படி இருக்கும்போது வாசகசாலைக்கு எப்படிப் போவது? பெண்களுக்கோ, தெருத் திண்ணையில் ஆண்களோடு உட்கார வழக்கமே இல்லை. மாதச் சந்தா கொடுக்கக் கூலிக்காரரிடம் காசும் இல்லை.

வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள்.

பண்டாரு அச்சமாம்பா என்ற பெண் 1874-இல் பிறந்தார். சிறு வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. அவருடைய தம்பி படித்தபோது கூட உட்கார்ந்து தாமும் எழுத்துக் கற்றுக்கொண்டார். அந்தத் தம்பிதான் பிறகு பெரிய அறிஞராகப் புகழ் பெற்ற கொமர்ராஜு லட்சுமண ராவ். அக்காள் என்ன ஆனார்? கதை எழுதினார். புகழ் பெற்ற பெண்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்துப் புத்தகம் எழுதினார். 1902-இல் மச்சிலிப்பட்டினத்தில் இன்னொரு பெண்மணியோடு சேர்ந்து பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் ‘பிருந்தாவன ஸ்திரீ சமாஜம்’. பிறகு ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சங்கம் வைக்கச் சொன்னார். 1905-இல் இளம் வயதிலேயே இறந்து போனார். அவர் வாழ்ந்த காலம் கொஞ்சம். போட்ட விதை அதிகம்.

தாய்மார்களே, இவர் வீட்டில் கூட உட்கார்ந்து எழுத்துப் படித்தவர். உங்களில் பலர் உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர்கள்தானே?

அடுத்து 1917 நவம்பர் மாதம். பெஜவாடாவில் தாழ்த்தப்பட்ட மக்களின் மாநாடு கூடியது. ‘பஞ்சமர் மாநாடு’ என்று பெயர் வைத்து அழைத்திருந்தார்கள். பஞ்சமர் என்றால் ஐந்தாம் சாதியார். நான்கு சாதிக்கும் வெளியே நிற்பவர் என்று பொருள். ஹைதராபாத்திலிருந்து வந்த பாக்யரெட்டி வர்மா தலைமை தாங்கினார். அந்தப் பெயரையே அவர் ஏற்கவில்லை. இந்த மண்ணின் மூத்த குடிகள் நாங்கள், எங்களை ஏன் ஐந்தாவது என்கிறீர்கள் என்று வாதாடினார். மாநாடு ‘ஆதி ஆந்திரர்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

கவனியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நூலகச் சங்கம் பிறந்த அதே ஊர். அங்கே புத்தகத்துக்காக ஒரு சங்கம். இங்கே பெயருக்காகவும் மானத்துக்காகவும் ஒரு சங்கம். வயிற்றுக்குச் சோறு வேண்டும்தான். ஆனால் மரியாதையான ஒரு பெயரும் மனிதனுக்கு வேண்டும். பிறர் வைத்த பெயரை மாற்றி எழுத, கூட்டமாகச் சேர்ந்தால்தான் முடிந்தது.

ஊரைவிட்டு வெளியேறிய ஊர்

இப்போது சொல்லப்போவது சீராலா, பேராலா என்ற இரண்டு ஊர்களின் கதை. இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். மக்கள்தொகை ஏறக்குறைய 15,000. நெசவாளரும் உழவரும் நிறைந்த இடம்.

அரசு இந்த இரண்டையும் சேர்த்து நகராட்சி ஆக்கியது. நகராட்சி என்றால் வசதி வரும் என்பீர்கள். முதலில் வந்தது வரி. பழைய வரியைவிடப் பல மடங்கு வரி. நெசவுக் கூலியில் வாழும் குடும்பம் எப்படிக் கட்டும்? வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். அரசு கேட்கவில்லை. வரி கட்ட மறுத்தார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள். சிறை சென்றவர்களில் ஒரு பெண்ணும் உண்டு.

இவர்களை வழிநடத்தியவர் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா. வெளிநாடு போய் எடின்பரோவில் படித்தவர். ஊருக்குத் திரும்பித் தொண்டர் படை ஒன்று அமைத்தார். ‘ராம தண்டு’ என்று அதற்குப் பெயர். தண்டு என்றால் படை. ஆயுதம் இல்லாத படை. கூட்டத்தை ஒழுங்கு செய்வது, செய்தி சொல்வது, மக்களுக்கு உதவுவது அதன் வேலை. 1921-இல் பெஜவாடாவில் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது கூட்டத்தைக் கட்டுப்படுத்தி நடத்தியவர்களும் அவர்கள்தான்.

அதே 1921 ஏப்ரலில் காந்தியடிகள் சீராலாவுக்கு வந்தார். மக்கள் அவரிடம் வழி கேட்டார்கள். வரி கட்டாமல் அமைதியாக இருந்து வருவதை அனுபவிக்கலாம். இல்லாவிட்டால் நகராட்சி எல்லையை விட்டே வெளியேறலாம் என்றார்.

மக்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறின. நகராட்சி எல்லைக்கு அப்பால் குடிசை போட்டார்கள். அந்த இடத்துக்கு ராம்நகர் என்று பெயர் வைத்தார்கள். வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் தாங்கிச் சுமார் 11 மாதம் அங்கே இருந்தார்கள். தலைவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கையில் பணம் கரைந்தது. கடைசியில் ஊருக்குத் திரும்பினார்கள்.

இது தோல்வியா? கேட்டது உடனே கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மக்கள் பதினோரு மாதம் குடிசையில் இருந்தார்கள். சட்டமும் போலீசும் அவர்களை அங்கே பிடித்து வைக்கவில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவுதான் பிடித்து வைத்தது. கூடிப் பேசும் பழக்கம் அந்த ஊருக்கு ஒரே நாளில் வந்திருக்காது. வாசகசாலை, பஜனைக் கூட்டம், தொண்டர் படை என்று பல வருடம் பழகியதால் வந்தது.

நோட்டு யார் கையில்?

நண்பர்களே, அந்தக் காலத்துச் சங்கங்கள் பல அழிந்தும் போயின. ஏன் அழிந்தன? சிலவற்றில் தொடங்கியவர் இறந்ததும் விளக்கு அணைந்தது. சிலவற்றில் ஒரே குடும்பம் நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டது. சிலவற்றில் சந்தா வரவில்லை. சிலவற்றில் வந்த சந்தாவுக்குக் கணக்கு வரவில்லை!

நிலைத்தவை எவை? மூன்று வழக்கங்கள் இருந்தவை. ஒன்று, சிறு தொகையானாலும் எல்லோரும் தவறாமல் சந்தா கொடுப்பது. இரண்டு, கணக்கை எழுதி எல்லோர் முன்னும் படிப்பது. மூன்று, புதியவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது.

இந்த முயற்சிகளால் நாட்டுக்கும் பலன் கிடைத்தது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் நம் எஸ். ஆர். ரங்கநாதன். வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி, அந்தப் பணத்தில் நூலகம் நடத்த வழி பிறந்தது. திண்ணையில் சந்தா போட்டு ஏற்றிய விளக்கு, சட்டத்தால் எல்லோருக்குமான விளக்கு ஆனது. இன்று நீங்கள் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போகிறீர்கள் என்றால், அது யாரும் போட்ட பிச்சை அல்ல. அதில் உங்கள் வரிப் பணமும் இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. இது வெள்ளையர் காலத்தது அல்ல. நம் காலத்தது. ஆனால் அதே ஆந்திர மண்ணில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்ட கிராமத்தில் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். உங்களைப் போலக் கூலி வேலை செய்த பெண்கள். அவர்கள் படித்த பாடப் புத்தகத்தில் சாராயத்தால் கெட்ட குடும்பங்களைப் பற்றி ஒரு பாடம் வந்தது. படித்தார்கள். தங்கள் வீட்டுக் கதையே அதில் இருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள். கூட்டமாகச் சேர்ந்து ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் அந்த மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும். கிடைத்ததைக் காப்பாற்றவும் சங்கம் தேவை என்பது அதில் உள்ள பாடம்.

நூறு வருடத்துக்கு முன் திண்ணையில் ஒருவர் படித்தார். மற்றவர்கள் கேட்டார்கள். தூபகுண்டவில் கேட்டவர்களே படித்தார்கள். வித்தியாசம் அதுதான்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் சங்கத்தின் நோட்டை நீங்கள் படித்திருக்கிறீர்களா? இதுவரை படிக்காமல் இருந்திருக்கலாம். எழுத்துத் தெரியாததால் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்கலாம். இனிமேல் அப்படி வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள். நானும் பார்க்கிறேன்.” உங்கள் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். கொடுத்த தொகை சரியா பாருங்கள். செலவு எதற்கு ஆனது பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டைப் படிக்கிறவர்களுக்குத்தான் சங்கம் சொந்தம். படித்த பிறகு இன்னும் ஒரு வேலை உண்டு. கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள்.



கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் உள்ள சங்கங்களின் பெயர்களை எழுதுங்கள். அவற்றில் எத்தனை சங்கங்களில் பெண்கள் நிர்வாகிகளாக இருக்கிறார்கள்?

2. ராஜ்யலட்சுமி அம்மாள் செய்தது போன்ற, நோட்டில் ஏறாத வேலைகளை உங்கள் ஊரில் யார் செய்கிறார்கள்?

3. சீராலா மக்கள் ஊரைவிட்டு வெளியேறியது சரியா? உங்கள் ஊரில் அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?

4. உங்கள் சங்கத்தில் சேராமல் வெளியே நிற்பவர்கள் யார்? ஏன் நிற்கிறார்கள்?